பிளக் வயரும் லைன் வண்டியும்

மழைக்காலம் பிறந்துவிட்டால் நம்மைப் போன்ற வணிகர்களுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, குடோனில் இருக்கும் சரக்கு நமத்துப் போகக் கூடாது. மற்றொன்று, லைனுக்குப் போன வண்டி நேரத்தோடு வந்து சேர வேண்டும். சரக்கைக் காப்பது பற்றி எழுத நம்மில் அனுபவசாலிகள் நிறைய இருக்கிறார்கள். வண்டியைப் பற்றி எழுதுவார் இல்லை. நாங்கள் மெக்கானிக் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டியில் உட்கார்ந்தவர்கள். ஆனாலும் இரண்டு ஜாண் ரப்பர் வயர் ஒன்றால் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால், பழைய மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு தொழில் செய்கிற நமது சங்க அன்பர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

புல்லட், ராஜ்தூத், யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100, டி.வி.எஸ். 50 என்று பழைய வண்டிகள் இன்றும் பல கடை வாசல்களில் நிற்கின்றன. விற்றால் பெரிய விலை வராது, வைத்திருந்தால் உழைக்கும். எங்கள் விருதுநகர் கடையில் நிற்பது 1983-இல் வாங்கிய புல்லட். சென்னை திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. எங்கள் தகப்பனார் அதை வாங்கிய நாளில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய பிறகுதான் சாவியைத் தொட விட்டார்கள்.

அந்த வண்டியில்தான் எங்கள் லைன் நடந்தது. செவ்வாயன்று சாத்தூர் பக்கம், வியாழனன்று அருப்புக்கோட்டை பக்கம். காலையில் அவசரச் சரக்கு ஒன்றிரண்டு சிப்பத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு போய், ஊர் ஊராக ஆர்டர் எடுத்து, நிலுவையை வசூல் செய்துகொண்டு, மாலை 7 மணிக்குள் திரும்ப வேண்டும். லைனுக்குப் போன தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். கணக்கில் ஒரு பைசா பிசகாது.

1996 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 11 மணிக்கு அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நல்ல மழை. வசூல் பணத்தைப் பாலிதீன் தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான். "மேட்டுல விக்குது முதலாளி, அப்புறம் நின்னு போச்சு" என்றான். மறுநாள் காலையில் நாங்களே கிக்கரை மிதித்தோம். ஒரே மிதியில் பிடித்தது. பஜாரை ஒரு சுற்று சுற்றி வந்தோம். தடதடவென்று ராஜா மாதிரி ஓடியது.

அடுத்த வியாழனும் அப்படியே. அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. ஒவ்வொரு மறுநாள் காலையிலும் வண்டி ஒழுங்காக ஓடும். ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினோம். முதல் தடவை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இரண்டாம் தடவை பிளக்கை மாற்றி, பாயிண்டைத் தேய்த்து விட்டார்கள். மூன்றாம் தடவை, "எஞ்சின் தளர்ந்து போச்சு, ரீ-போர் செய்யணும்" என்றார்கள். செய்தோம். அந்தச் செலவை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. பில்லைக் கட்டி வண்டியை எடுத்து வந்த வாரமே மறுபடியும் இரவு பத்தரை மணி.

இந்த இடத்தில்தான் நாங்கள் தப்பாக யோசித்தோம். எங்கள் கணக்குப்பிள்ளை நல்லவர், ஆனால் எதையும் பாதி மட்டும் சொல்லி நிறுத்துகிறவர். "காலையில ஓடுற வண்டி ராத்திரி மட்டும் எப்படி நிக்கும்?" என்று கேட்டுவிட்டு லெட்ஜரைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். அது போதுமானதாக இருந்தது. பெட்ரோலை விற்கிறானோ, எங்காவது சினிமாவுக்குப் போய்விட்டு வருகிறானோ என்றெல்லாம் எங்கள் புத்தி போயிற்று. பணம் ஒரு பைசா குறையவில்லையே என்று நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டு வாரப் பேட்டாவைப் பிடித்துக்கொண்டோம். கடைப் பையன்கள் முன்னிலையில் பேசவும் செய்தோம். அவன் பதில் பேசவில்லை.

கார்த்திகை மாதம் ஒருநாள் மாலை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டது. தம்பி குடோன் வாசலில் நனைந்து நின்ற வண்டியை உள்ளே கொண்டு வர ஸ்டார்ட் செய்தான். நாங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். கும்மிருட்டு. எஞ்சின் ஓட ஓட, பிளக்குக்குப் போகிற கறுப்பு வயரில் ஓர் இடத்திலிருந்து எஞ்சின் தகட்டுக்கு நீலமாக நூல் போல ஒன்று வெட்டி வெட்டி மறைந்தது. சட் சட்டென்று சத்தமும் கேட்டது. "முதலாளி, அங்க பாருங்க" என்றான். ஆக்ஸிலேட்டரைத் திருகச் சொன்னோம். நீலம் கூடிற்று, எஞ்சின் விக்கிற்று. இத்தனை மாதமும் பகல் வெளிச்சத்தில் தேடிய காரணத்தால் யார் கண்ணிலும் அது படவில்லை.

மறுநாள் பழைய ஆயில் எஞ்சின்களைப் பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். வயரை வளைத்துக் காட்டினார். வெயிலில் காய்ந்த களிமண் போல மேலெல்லாம் வெடிப்பு. பதின்மூன்று வருடமாக அந்த வயரை யாரும் மாற்றியதே இல்லை. "அண்ணாச்சி, குழாய் ஓட்டையா இருந்தா தொட்டிய எத்தனை தடவ கழுவி என்ன?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் புது வயர் போட்டார். அன்றிலிருந்து வண்டி மழையில் நிற்கவில்லை.

அவர் சொன்னதையும், பிற்பாடு நாங்களே கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதையும் கீழே தருகிறோம்.

வயருக்குள் நடப்பது என்ன?

பேட்டரியில் இருப்பது 6 வோல்ட் அல்லது 12 வோல்ட். அதைக் கொண்டு பெட்ரோல் ஆவியைக் கொளுத்த முடியாது. ஆகவே இக்னிஷன் காயில் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரே இரும்பின் மேல் இரண்டு கம்பிச் சுற்றுகள். ஒன்று சில நூறு சுற்று, மற்றொன்று பல ஆயிரம் சுற்று. முதல் சுற்றில் ஓடும் மின்சாரத்தைப் பாயிண்ட் திடீரென்று துண்டிக்கும்போது, இரண்டாவது சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் எழும்புகிறது. அதைப் பிளக் வரை கொண்டு போவதுதான் இந்த வயரின் வேலை. எச்.டி. வயர் என்றும் பிளக் வயர் என்றும் சொல்வது இதைத்தான். புல்லட் போன்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் பிளக் 1500 தடவை பொறி தட்ட வேண்டும். ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் 3000 தடவை.

இத்தனை வோல்ட்டுக்கு எப்போதும் ஒரே குணம், சுலபமான வழி எதுவோ அதிலே இறங்கிவிடும். வயரின் ரப்பர் உறை நன்றாக இருந்தால் பிளக்கின் இடைவெளியில் குதிக்கும். உறை வெடித்திருந்தால் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் தகட்டில் குதிக்கும்.

சரி, காலையில் ஏன் ஓடியது? எங்களைப் பல நாள் குழப்பிய கேள்வி இதுதான். வண்டி சும்மா ஓடும்போது சிலிண்டருக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் குறைவு, அழுத்தமும் குறைவு. குறைந்த வோல்ட்டிலேயே பொறி தட்டிவிடும். சிப்பத்தைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூடப் பொறி தட்ட அதிக வோல்ட் வேண்டும். அந்த நேரத்தில் பிளக்கின் இடைவெளியைவிட வயரின் வெடிப்பே சுலபமான வழியாகிவிடுகிறது. மழை ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே வெறும் வண்டியைக் காலையில் பஜாரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொன்ன நாங்கள்தான் முட்டாள்கள். சரக்கோடு மழையில் போனவன் சொன்னது சத்தியம்.

நம் தொழிலுக்கென்றே இன்னொரு சங்கதி உண்டு. நம் குடோன்களில் உப்பு மூடை இருக்கிறது, வத்தல் தூசி, மாவுத் தூசி பறக்கிறது. வண்டியைக் குடோனுக்குள்ளேயேதான் நிறுத்துகிறோம். உப்புத் தூசி வயர் மேல் படிந்து ஈரம் பட்டால், அந்தப் படலமே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் வயரையும் பிளக் கேப்பையும் துடைத்துவிடச் சொல்லிப் பழக்குங்கள்.

வயர்தான் கோளாறு என்று அறிவது

இருட்டில் பார்ப்பதே முதல் சோதனை. இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வெட்ட வெளியில் எஞ்சினை ஓட விட்டு, பூச்செடிக்குத் தெளிக்கும் பம்பினால் வயர் மேல் லேசாகத் தண்ணீர் தூவுங்கள். கசிவு இருந்தால் நீலம் தெரியும், அல்லது எஞ்சின் தடுமாறும். கையால் மட்டும் தொடக் கூடாது. ஓடுகிற எஞ்சினில் வெடித்த வயரைத் தொட்டால் முழங்கை வரை உதறிவிடும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே நிற்க வேண்டாம்.

பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்கும் வழக்கம் நம் எல்லோருக்கும் தெரியும். கழற்றிய பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டுத்தான் கிக்கரை மிதிக்க வேண்டும். பிளக் இருந்த துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டு மிதிப்பதும் தவறு. போக வழியில்லாத வோல்ட் காயிலுக்குள்ளேயே உறையைத் துளைத்துக்கொண்டு இறங்கும், காயில் போய்விடும். சி.டி.ஐ. வைத்த வண்டி என்றால் அந்தப் பெட்டிக்கும் ஆபத்து.

இன்னொன்று. வயரைக் குற்றம் சொல்லும் முன் பிளக்கின் இடைவெளியையும் பாருங்கள். புல்லட்டுக்கு அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தேய்ந்து விரிந்துபோன பிளக் அதிக வோல்ட் கேட்கும், அதனால் நல்ல வயருக்கும் சுமை கூடும். கடைகளில் இன்றும் "மைக்கோ பிளக்" என்றுதான் கேட்கிறோம். 1951-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும் நம் வாயில் மாறவில்லை, கடைக்காரரும் புரிந்துகொண்டு எடுத்துத் தருகிறார்.

வயர் வாங்குவது

நாம் வியாபாரிகள். சரக்கைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்கிறவர்கள். இதிலும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் 7 மி.மீ. கனமுள்ள வயர். நடுவில் மெல்லிய செம்புக் கம்பிகள் பல சேர்ந்து முறுக்கியிருக்கும், சுற்றிலும் கெட்டியான உறை. வெட்டிய முனையைப் பாருங்கள். கம்பிகள் நட்ட நடுவில் இருக்கின்றனவா, அல்லது ஒரு பக்கம் ஒதுங்கி அந்தப் பக்கம் உறை மெலிந்திருக்கிறதா? ஒதுங்கியிருந்தால் மெலிந்த பக்கம் சீக்கிரம் கசியும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள். வெளுத்துக் கோடு விழுந்தால் பல காலம் அலமாரியில் கிடந்த சரக்கு. உறை சிலிக்கான் ரப்பராக இருந்தால் எஞ்சின் சூட்டை நன்றாகத் தாங்கும்.

கடைகளில் கார்பன் நடுவுள்ள வயரும் கிடைக்கும். ரேடியோவில் இரைச்சல் வராமல் இருப்பதற்காகச் செய்தது. அது நல்ல சரக்குத்தான், ஆனால் நம் பழைய வண்டிகளின் பிளக் கேப்புக்குப் பொருந்தாது. அந்தக் கேப்பின் உள்ளே மர ஸ்க்ரூ போல ஒரு கூர் இருக்கிறது. அது செம்புக் கம்பிகளுக்கு நடுவே திருகிக்கொண்டு போய்ப் பிடிக்கும். கார்பனில் அதற்குப் பிடிப்பு இல்லை. இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால் செம்பு வயரே போட்டு, உள்ளே ரெசிஸ்டர் வைத்த பிளக் கேப் வாங்கினால் போதும்.

வீட்டுக்கு வயரிங் செய்யும் வயரை மாட்டிக்கொண்டு ஓடும் வண்டிகளையும் பார்த்திருக்கிறோம். அந்த வயரின் உறை தாங்குவது 1100 வோல்ட் அளவுக்குத்தான். பத்தாயிரத்துக்கு அது துணிக்குச் சமம். வெடிப்பின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீடு வந்து சேரும் வரைக்கும் உதவலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது. ஒரு வண்டிக்கு வேண்டிய வயரின் விலை ஒரு கிலோ துவரம்பருப்பின் விலையைத் தாண்டாது. இதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

மாற்றும் முறை

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சாவியை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பழைய வயர் எந்த வழியாகப் போகிறது, எங்கே கிளிப் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் கேப்பை இழுக்கும்போது கேப்பைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. பிறகு கேப்பை இடப்பக்கமாகச் சுற்றினால் வயரிலிருந்து கழன்று வரும்.

காயில் முனைதான் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் வயரை உள்ளே அழுத்தினால் ஓர் ஊசி அதன் நடுவில் குத்திப் பிடிக்கும், மேலே ஒரு மூடி திருகி இறுக்கும். சிலவற்றில் வயரும் காயிலும் ஒன்றாகவே வார்த்திருப்பார்கள். அந்த மாதிரியை இழுத்துப் பிடுங்கினால் காயில் பாழாகிவிடும். அதில் வயர் கெட்டால் காயிலோடு மாற்றுவதுதான் வழி. முனையில் மட்டும் கெட்டிருந்தால் வேறு வழி உண்டு. நீளம் இடம் கொடுத்தால் கால் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் நல்ல செம்பில் கேப்பைத் திருகிவிடலாம். கேப்புக்குள் பச்சைக் களிம்பு பிடித்த வண்டிகளில் பாதி இதிலேயே சரியாகிவிடும்.

புது வயரைப் பழைய வயரின் அளவுக்கே வெட்டுங்கள். முனை நேராக இருக்க வேண்டும், சரிவாக வெட்டினால் ஊசி நடுவில் குத்தாது. நீளம் குறைந்தால் வண்டி அதிரும்போது இழுபட்டுக் கழன்றுவிடும். கூடினால் தொங்கி எஞ்சின் தகட்டில் உரசும், பதின்மூன்று வருடத்தில் எங்கள் வயருக்கு ஆனது இதுவும்தான். காயில் முனையில் மூடியையோ ரப்பர் குல்லாயையோ மறக்காமல் முதலில் வயரில் கோத்துக்கொள்ளுங்கள். எல்லாம் மாட்டி முடித்த பிறகு அது மேஜை மேல் கிடப்பதைப் பார்த்துச் சிரிக்காத மெக்கானிக் கிடையாது. கேப்பைத் திருகி, லேசாக இழுத்துப் பார்த்து, கிளிப்பில் மாட்டி, சூடான பகுதிகளுக்கு ஒரு விரல் தள்ளியே வயர் போகும்படி விடுங்கள். இரும்புக் கம்பியால் கட்ட வேண்டாம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கேப்பைத் தனியாகவும் சோதிக்கலாம். ரெசிஸ்டர் உள்ள கேப் பெரும்பாலும் 5000 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது, புது வயர் போட்டும் பயனில்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் செலுத்துவது முதல் பொறி தட்டுவது வரை எல்லாம் கம்ப்யூட்டர் கையில் இருக்கிறது. அவற்றை வீட்டில் வைத்துக் கழற்றாமல் சர்வீசுக்கு விடுவது உத்தமம்.

தம்பியின் கதையை முடித்துவிடுகிறோம். பெரியவர் வயரை மாற்றிப் போன பிறகு பேட்டாவைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டான். அப்போதுதான், கேட்காமலே, ஒன்று சொன்னான். அந்த ஐப்பசி மழையில் ஒருநாள் இரவு ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் வண்டி நின்றுவிட்டதாம். கேட் மூட மணி அடித்துக்கொண்டிருந்ததாம். சிப்பத்தைக் கட்டிய வண்டியைத் தனி ஆளாகத் தள்ளி அந்தப் பக்கம் கொண்டு வந்திருக்கிறான். "அன்னைக்கே ஏன்பா சொல்லல?" என்று கேட்டோம். "சொன்னா நம்பியிருப்பீங்களா முதலாளி?" என்றான். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கணக்குப்பிள்ளையும் லெட்ஜரைப் புரட்டவில்லை.

1999-இல் அவர் சாத்தூர் பக்கம் சொந்தமாக மளிகைக் கடை வைத்துக்கொண்டார். அன்று முதல் சரக்கு எங்களிடம்தான் எடுக்கிறார். ஒருநாளும் நிலுவை தள்ளிப் போனதில்லை. அந்த வருடத்துப் பேச்சை அவர் எடுத்ததில்லை, நாங்களும் எடுத்ததில்லை.

புல்லட் இப்போது லைனுக்குப் போவதில்லை. சரக்குக்கு ஆட்டோ வந்துவிட்டது. ஆனாலும் பஜாருக்கும் பேங்குக்கும் அதில்தான் போகிறோம். 2023 ஐப்பசியில் மூன்றாம் முறையாக வயரை மாற்றினோம். அன்று மாலை அவரும் சரக்கு எடுக்க வந்திருந்தார். வயர் மாட்டி முடித்ததும், கடைப் பையனிடம் வாசல் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கிக்கரை மிதித்தார். இருட்டில் இருவரும் குனிந்து பார்த்தோம். நீலம் எங்கும் தெரியவில்லை. விளக்கைப் போடச் சொல்லி, பில்லை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.